கச்சானுக்கும் வாடைக்கும் நிற்கிற கலண்டர்

மட்டக்களப்பில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தால் போதும்; போன வருடக் கலண்டர் எங்கே தொங்கியது என்று யாரிடமும் கேட்காமலே தெரிந்துவிடும். ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருக்கும். அதைச் சுற்றிப் பூச்சு பெயர்ந்திருக்கும். ஒன்றரை அடி கீழே பெயின்ற் சுரண்டுப்பட்ட அரைவட்டக் கீறல். காற்றடிக்கும் போதெல்லாம் கலண்டரின் கீழ்த் தகரம் இடமும் வலமுமாக ஆடி ஆடிப் போட்ட கோடு அது. மாரியில் ஈரம் பிடித்த சுவராக இருந்தால் தகரத்தின் துருவும் பழுப்பாக வழிந்து காய்ந்திருக்கும்.

இந்த ஓட்டை, கீறல், துரு மூன்றையும் தவிர்க்கலாம். பெரிய செலவு கிடையாது. வீட்டில் கிடக்கும் ஈர்க்கில், தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நரம்பு, பழைய ரப்பர் செருப்பு, உடுப்புக் கிளிப் இவைகளே பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் நம் ஊர்ச் சுவரையும் நம் ஊர்க் காற்றையும் அறிந்து செய்ய வேண்டும். கடையில் தந்த கலண்டரை இருக்கிற ஆணியில் அப்படியே மாட்டிவிட்டால் சித்திரை வரைக்கும் ஒரு குறையும் தெரியாது. கச்சான் காற்றுத் தொடங்கியதும் தெரியும்.

இவ்வளவு கவனம் ஒரு கலண்டருக்குத் தேவையா என்றால், தேவை என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டுக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. காஸ் சிலிண்டர் மாற்றிய நாளில் ஒரு வட்டம். பால் வாங்காத நாளில் ஒரு புள்ளடி. சீட்டுக் காசு கட்டும் திகதி, அம்மாவின் கிளினிக் திகதி, கரண்ட் மீற்றரின் இலக்கம், வயலில் விதைப்பு முடிந்த நாள். மூன்றரை மாத நெல் என்றால் அப்பா விதைத்த நாளிலிருந்து தாள் தாளாக விரல் வைத்து எண்ணி, வெட்டு மெஷினுக்குச் சொல்ல வேண்டிய கிழமையைக் குறித்து வைப்பார். வைகாசியில் கண்ணகி அம்மன் திருக்குளிர்த்தி, ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தம், ஆவணிப் பூரணையில் மண்டூர்த் தீர்த்தம் மூன்றுக்கும் புதுக் கலண்டர் வந்த அன்றே சிவப்புப் பேனையால் வட்டம் விழும். காத்தான்குடியில் என் நண்பர் வீட்டுக் கலண்டரில் ஹிஜ்ரித் திகதிகளுக்குப் பக்கத்தில் பென்சில் இலக்கங்கள் இருக்கும். பிறை தென்படுவதைப் பொறுத்து மாதம் ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால், பிறை அறிவிப்பு வந்த பிறகு அவருடைய உம்மா அச்சடித்த இலக்கத்தைத் திருத்தி எழுதுவார். இப்படிக் கைபட்ட கலண்டர் ஆடி மாதத்தில் கிழிந்து விழுந்தால் அரை வருடக் கணக்கும் சேர்ந்து விழுகிறது. கைப்பேசியிலும் இவை எல்லாம் குறிக்கலாம். வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே இடத்தில் பார்த்து, ஒரே இடத்தில் எழுதுவதற்குச் சுவர்தான் வசதி.

கலண்டர் இல்லாமல் இந்த நாட்டில் கிழமையே தெரியாத ஒரு காலம் இருந்தது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறை இல்லை. பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமி ஆகிய போயா நாட்களே வார விடுமுறை. சந்திரனைப் பின்பற்றியதால் விடுமுறை ஒவ்வொரு வாரமும் வேறு கிழமையில் வந்தது. சில வாரங்கள் நீண்டும் போயின. நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா இல்லையா என்பதைச் சுவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். அந்தத் தலைமுறை வீடுகளில் கலண்டர் ஆணி வாசல் நிலைக்குப் பக்கத்தில், வெளியே போகிறவர் கண்ணில் படும் இடத்தில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். 2022 நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாடு வந்து அச்சு விலை ஏறிய பிறகு, நல்ல தடித்த தாளில் கலண்டர் ஒன்று கைக்கு வந்தால் அதைப் பன்னிரண்டு மாதமும் காப்பாற்றத்தான் மனம் சொல்கிறது.

முதலில் சுவர். இங்கே மூன்று விதமான சுவர் உண்டு. பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரத்தில் எழுந்த வீடுகளில் பெரும்பாலும் சீமெந்துக் கல். உள்ளே பொள்ளலான கல் என்றால் ஓடு மெல்லியது. அதன்மேல் அரை அங்குலப் பூச்சு. மூன்றாவது, தூண், வளை, லின்டல் வருகிற கொங்கிறீட் பகுதிகள். ஒரே ஆணியை மூன்றிலும் அடிப்பதில்தான் பிழை தொடங்குகிறது. சுண்ணாம்புச் சுவரில் ஆணி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், அதே சுகத்தில் ஒரு மாதத்தில் கழன்றும் வரும். பொள்ளல் கல்லில் ஓங்கி அடித்தால் உள் ஓடு உடைந்து ஆணி வெறும் பொந்துக்குள் நிற்கும். கொங்கிறீட்டில் சாதாரணக் கம்பியாணி வளையும்.

பொள்ளல் கல் சுவருக்கு நான் விரும்புவது துளையிட்டு, திருகாணியைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்ரிக் உறையான றோல் பிளக் வைத்து, திருகாணி போடுவதுதான். ஆறு மில்லிமீற்றர் துளை போதும். டிரில்லில் சுத்தியல் அடி முறையை நிறுத்திவிட்டுச் சுழற்சியில் மட்டும் துளைத்தால் ஓடு உடையாது. அந்த இடத்தில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிட்டுத் துளைத்தால் பூச்சும் பெயராது. டிரில் இல்லாத வீட்டில் கொங்கிறீட் ஆணி அடிக்கலாம். ஆனால் அது உறுதியான உருக்கு, வளையாமல் ஒடிந்து தெறிக்கும். ஆணிக்கு நேராக முகத்தை வைத்து அடிக்காதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். விரலுக்குப் பதிலாக உடுப்புக் கிளிப்பால் ஆணியைப் பிடித்தால் முதல் அடி எங்கே விழுந்தாலும் கவலை இல்லை. சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலே, நேர் கீழே ஒருபோதும் ஆணி அடிக்கக் கூடாது. மின்கம்பி பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் பூச்சுக்குள் ஓடுகிறது.

ஏற்கெனவே இளகிய ஓட்டை என்றால் புது ஓட்டை போட ஓடாதீர்கள். காய்ந்த வேப்பங்குச்சியையோ மூங்கில் குச்சியையோ ஓட்டைக்குச் சற்றுப் பெரிதாகச் சீவி, ஆப்பாக இறுக்கி, சுவர் மட்டத்துக்கு வெட்டிவிட்டு அதன் நடுவில் திருகாணியை முறுக்குங்கள். எங்கள் தெருவில் மேசன் வேலை செய்த மாமா ஒருவர் இந்த ஆப்பு வைக்காமல் எதையும் தொங்கவிட மாட்டார். அவர் கையால் வைத்த ஆப்பில் எங்கள் பழைய வீட்டுச் சாமிப் படம் இன்றும் நிற்கிறது. சின்னக் கலண்டருக்குத் தீக்குச்சிகள் இரண்டை ஒடித்து ஓட்டைக்குள் திணித்துவிட்டு ஆணியை அடித்தாலே போதும்.

ஆணி நேராக நிற்கக் கூடாது. தலை மேலேயும் முனை கீழேயுமாகச் சுவருக்குள் சாய்ந்து இறங்க வேண்டும். அப்போதுதான் பாரம் ஆணியைச் சுவரோடு சேர்த்து அழுத்தும்; கலண்டரும் வெளியே வழுக்காது. அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வெளியே விடுங்கள். முடிந்த மாதத் தாள்களைப் பின்னால் புரட்டிப் போடும்போது ஆணியடியில் தாள் தடித்துக்கொண்டே வரும், கட்டையான ஆணி மார்கழிக்குள் போதாமல் போய்விடும். கதவு நிலை மரமாக இருந்தால் சுவரை மறந்துவிட்டு அதில் ஒரு சின்னத் திருகுக் கொக்கியை முறுக்கலாம். நம் பழைய வீட்டு நிலைகள் நல்ல மரம். ஒரு கலண்டர் அதற்குப் பாரமே இல்லை.

அடுத்தது கலண்டரின் தலை. தகரப் பட்டி வைத்த கலண்டரில் முதலில் கழலுவது மாட்டும் வளையம். அதைத் திரும்ப நெளித்து வைத்தால் மறுபடியும் கழலும். குறடால் பட்டியை முழு நீளத்துக்கும் ஒருமுறை இறுக்கி அழுத்திவிட்டு, பட்டிக்குக் கீழே தாள்கள் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியையோ தங்கூசியையோ கோத்து முக்கோணமாக மாட்டுவது நல்லது. ஓட்டை போடும் இடத்தில் முன்னும் பின்னும் செலோடேப் ஒட்டிய பிறகே துளைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடதாசி அந்த இடத்திலிருந்து கிழியத் தொடங்கும். செலோடேப்பை விட நல்லது பால்மா பைக்கற்றின் தடித்த உறை. ஒரு விரல் அகலத் துண்டை வெட்டிப் பின்பக்கம் பசை வைத்து ஒட்டினால் அந்த இடத்தில் ஒரு வருடத்துக்குக் கிழியாது. இரண்டு புள்ளியில் பாரம் பிரிவதால் கலண்டர் சாயவும் மாட்டாது.

கம்பிச் சுருள் வைத்த கலண்டரில் நடுவில் ஒரு வளைந்த கம்பி இருக்கும். அது மெல்லியதாக இருந்தால் சில மாதங்களில் நடு இறங்கி, இரண்டு மூலையும் தூக்கிக்கொண்டு நிற்கும். சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட ஆரைக்கம்பி ஒன்றை வாங்கி, சுருளுக்குள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நுழைத்துவிடுங்கள். இரண்டு முனையையும் குறடால் மடக்கிவிட்டால் முடிந்தது. அந்தக் கம்பி வளையாது, தாள் புரளுவதையும் மறிக்காது.

கடையில் கலண்டரைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டுத் தருவதால் வருகிற சுருளல் தனிப் பிரச்சினை. மாட்டுவதற்கு முதல் நாள் எதிர்ப்பக்கமாகச் சுருட்டி வையுங்கள், அல்லது மெத்தைக்கு அடியில் விரித்து ஓர் இரவு விடுங்கள். இது பழைய சுருளலைப் போக்கும். மாரியில் மறுபடியும் சுருளும். அதற்குக் காரணம் வேறு. கடதாசியின் நார் ஈரத்தைக் குடித்தால் நீளத்தில் அதிகம் மாறாது, அகலத்தில் வீங்கும். படமுள்ள பக்கம் பளபளப்புப் பூச்சோடு இருப்பதால் ஈரம் குறைவாகப் பிடிக்கும். பின்பக்கம் கூடுதலாகப் பிடிக்கும். ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வீங்காவிட்டால் தாள் வளைந்துதானே ஆக வேண்டும். இதற்குக் கீழ் விளிம்பில் ஒரு ஈர்க்கிலைப் பின்பக்கமாக வைத்து, கடதாசிப் பட்டியால் ஒட்டிவிடுவது எங்கள் அம்மம்மாவின் கைமுறை. விளக்குமாற்றுக்கு எடுக்கும் நல்ல காய்ந்த ஈர்க்கில் வேண்டும். பச்சையாக இருந்தால் அதுவே வளையும். கீழ்த்தகரம் உள்ள கலண்டருக்கு இது தேவைப்படாது. கடைசித் தாளில் மட்டும் ஈர்க்கில் வைத்து, முன்னால் உள்ள தாள்களை இரண்டு கிளிப்பால் அதோடு சேர்த்துப் பிடித்துவிட்டால், மாதம் மாறும்போது கிளிப்பைக் கழற்றி மாட்டினால் போதும்.

இனிக் காற்று. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே கலண்டரைக் கொல்வது பெரும்பாலும் காற்றுதான். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வரும் கச்சான் வரண்டது, சூடானது, பகல் ஏற ஏற உரக்க அடிப்பது. அந்த நாட்களில் புழுக்கம் தாங்காமல் வாசலையும் பின்கதவையும் திறந்து வைப்போம். காற்று ஒரு வாசலால் நுழைந்து மறு வாசலால் போகும் நேர் கோட்டில் கலண்டர் இருந்தால் பகல் முழுவதும் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். தாள் தகரத்தில் மடிகிற இடத்தில் தினமும் ஆயிரம் தரம் மடிந்து, வரண்டு, கடைசியில் ஒரு பக்கத்திலிருந்து கிழிந்துகொண்டு வரும். மின்விசிறிக்கு நேராக மாட்டினாலும் இதே கதிதான்.

"மறுகா கலண்டர் விழுந்து கிடக்கு மனே" என்று அம்மா கூப்பிடுவது ஆனி மாதத்தில் வழக்கமான குரலாக இருந்தது. அதை நிறுத்தியது தங்கூசி. கல்லடியில் வாவிக்குத் தூண்டில் போகும் அப்பாவின் கூட்டாளி ஒருவர் மிஞ்சிய தங்கூசித் துண்டைத் தந்து இதைக் காட்டினார். கலண்டரின் உயரத்தை மூன்றாகப் பிரித்தால் கீழ்ப்பங்கு தொடங்கும் மட்டத்தில், இரண்டு ஓரத்துக்கும் அரை அங்குலம் வெளியே இரண்டு சின்ன ஆணிகள். அவற்றுக்கிடையில் தங்கூசியை இறுக்கமாகக் கட்டி, கலண்டரை அதற்குப் பின்னால் செருகிவிட வேண்டும். தங்கூசி கண்ணுக்குத் தெரியாது, எழுத்தை மறைக்காது, உப்புக்காற்றில் துருப்பிடிக்காது. தாள் பறக்காது, கீழ்த்தகரம் ஆடாது, சுவரில் அரைவட்டமும் விழாது. எழுத வேண்டுமென்றால் தங்கூசிக்கு மேலாகவே எழுதலாம். மாதம் மாறும்போது கீழ் விளிம்பைத் தூக்கி வெளியே எடுத்து, முடிந்த தாளைப் புரட்டிவிட்டுத் திரும்பச் செருகுவது ஒரு நிமிட வேலை. தங்கூசிக்குப் பதிலாக உடுப்புக்குப் போடும் மெல்லிய இலாஸ்ரிக் நாடாவும் பாவிக்கலாம், ஆனால் அது வெயிலில் இளகும்.

இரண்டு ஆணி அடிக்க மனமில்லாதவர்களுக்குச் செருப்பு. பழைய ரப்பர் செருப்பின் அடியிலிருந்து பெருவிரல் நகமளவு நான்கு துண்டு வெட்டி, கலண்டரின் பின்பக்கம் நான்கு மூலையிலும் ஒட்டுங்கள். ரப்பர் சுவரைப் பிடிப்பதால் ஆட்டம் குறையும். தகரம் பெயின்ற்றில் படாது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கலண்டருக்கும் சுவருக்கும் இடையில் காற்று ஓட ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது, அது மாரிக்கு மிகவும் தேவை.

வாடைக்காற்றோடு வரும் மழை கார்த்திகை முதல் தை வரை வடகிழக்குப் பக்கச் சுவர்களைத்தான் நனைக்கும். வெளிப்பூச்சில் வெடிப்பு இருந்தால் உட்பக்கம் ஈரம் வியர்த்துக் கிடக்கும். நிலத்திலிருந்து மூன்றடி வரை ஏறி உப்புப் பூக்கும் ஈரம் வேறு. புதுக் கலண்டர் வருவது சரியாக இந்த ஈரக் காலத்தில் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மார்கழியிலேயே ஆசையாகக் கொண்டுவந்து ஈரச் சுவரில் மாட்டினால் முதல் மாதத்திலேயே பின்தாள் சுவரோடு ஒட்டிப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டின் உட்சுவர், அதாவது இரண்டு பக்கமும் அறைகள் உள்ள சுவர், எப்போதும் வெளிச்சுவரை விட நல்லது. தகரப் பட்டியின் வெட்டு விளிம்புதான் முதலில் துருப்பிடிக்கும். அந்த விளிம்பில் நகப்பூச்சு ஒரு தரம் தடவிவிட்டால் துருக்கறை சுவரில் இறங்காது. வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற கல்லடி, நாவற்குடா போன்ற இடங்களில் ஆணியையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும். காத்தான்குடியில் நான் வழக்கமாகப் போகும் ஹாட்வெயார் கடைக் காக்கா, "தம்பி, கடக்கரைக்கு இரும்பு வேணாம், பித்தளைத் திருகாணி கொண்டு போங்க" என்று அவராகவே மாற்றித் தருவார். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் பல வருடத்துக்கு அந்த ஆணியைத் தொட வேண்டியதில்லை.

தொட வேண்டியது கலண்டரின் பின்பக்கத்தை. நெடுநாள் அசையாமல் தொங்கும் எதன் பின்னாலும் ஏதாவது குடியேறும். பல்லி முட்டையிடும். குளவி மண்கூடு கட்டும். கரப்பான் பூச்சி பசையைத் தின்னும். எல்லாவற்றிலும் மோசமானது கறையான். நிலத்திலிருந்து சுவர் வழியே ஒரு மண் கோடாக ஏறி, கலண்டருக்குப் பின்னால் மறைந்து, கூரை மரத்துக்குப் போய்விடும். முன்னால் நிற்பவருக்கு அழகான படம் மட்டும் தெரியும். ஆகையால் மாதம் மாற்றும் நாளில் கலண்டரை முழுவதுமாகக் கழற்றி, சுவரை ஒரு துணியால் துடைத்து, பிறகு மாட்டும் பழக்கம் வேண்டும். ஒரே ஆணியில் நான்கைந்து கலண்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டும் வழக்கத்தை விட்டுவிடச் சொல்வதும் இதற்காகத்தான். கடைகளில் தந்தவர்களுக்கு மரியாதை செய்யத்தான் மாட்டுகிறோம், எனக்கும் அது விளங்குகிறது. ஆனால் அடியில் இருக்கும் கலண்டரை யாரும் பார்ப்பதில்லை, பூச்சிதான் பார்க்கிறது. மிஞ்சியதை அயல் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

நாள் கிழிக்கும் கலண்டருக்குத் தனி வைத்தியம். இராகு காலமும் சுபநேரமும் திதியும் நட்சத்திரமும் போட்ட அந்தக் கட்டு, தடித்த மட்டையில் இரண்டு கம்பிப் பின்களால்தான் நிற்கிறது. முந்நூற்று அறுபத்தைந்து தாளின் பாரமும் ஒவ்வொரு காலையும் ஒரு இழுவையும் அந்த இரண்டு பின்னுக்கு. வாங்கிய உடனேயே கட்டை மட்டையோடு சேர்த்துத் தைத்துவிடுவது நல்லது. பின்களுக்குப் பக்கத்தில், கட்டின் தலைப்பட்டியில், மெல்லிய ஆணியால் இரண்டு துளை போட்டு, சாக்குத் தைக்கும் ஊசியில் மெழுகு பூசிய நூலைக் கோத்து, மட்டையின் பின்பக்கம் வரை இரண்டு சுற்று இழுத்து முடிச்சுப் போட வேண்டும். நூலில் மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும், ஈரத்தில் இளகாது. இதைச் செய்த கட்டு மார்கழி 31 வரைக்கும் அசையாது.

கிழிக்கும் முறையும் முக்கியம். தாளின் கீழ் முனையைப் பிடித்து வெடுக்கென்று கீழே இழுப்பதுதான் பிள்ளைகளின் வழக்கம். அதில் பின் இளகும், சில நேரம் நாளையும் நாளன்றைக்கும் சேர்ந்து கையோடு வரும். இடக்கைப் பெருவிரலைத் தலைப்பட்டியில் அழுத்தி வைத்துக்கொண்டு, வலக்கையால் தாளை ஒரு பக்க மூலையிலிருந்து மறுபக்கத்துக்குக் கிழிக்க வேண்டும். கச்சானில் இந்தக் கட்டு முழுவதும் விசிறி மாதிரி விரிந்து நிற்காமல் இருக்க, கீழ்ப்பாகத்தில் மட்டையையும் சேர்த்து அகலமான ரப்பர் வளையம் ஒன்று. மட்டை வளைந்தால் பின்னால் குறுக்காக ஒரு மூங்கில் சிலாகை ஒட்டுங்கள். சித்திரை வருடப்பிறப்பு நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் இன்னொன்று என்பதால் எங்கள் ஊரில் இரண்டு முறைக் கலண்டரும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அப்படியானால் இரண்டுக்கும் தனித்தனி ஆணி.

வெளிச்சம் இருக்கும் சுவர் வேண்டும், வெயில் விழும் சுவர் வேண்டாம். அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும் வெயிலுக்கு முதலில் வெளிறும். நீலமும் கறுப்பும் பிறகுதான். பழைய கலண்டர்ப் படங்கள் எல்லாம் நீலம் பாரித்து நிற்பது இதனால்தான். நம் கலண்டர்களில் ஞாயிறும் போயாவும் அரச விடுமுறையும் சிவப்பில்தான் அச்சாகின்றன. காலை வெயில் நேரே விழும் கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால், வருடக் கடைசியில் விடுமுறை நாட்களைத்தான் முதலில் தேட வேண்டி வரும். சிவப்புப் பேனையால் போட்ட வட்டமும் அப்படியே மங்கும். பென்சில் மங்காது. கிளினிக் திகதி மாதிரி முக்கியமானவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். மழையில் நனைந்தாலும் கரையாது. அடுப்புக்கு மேலே மாட்டுவதும் கூடாது, எண்ணெய்ப் புகை படிந்த தாளில் பேனை எழுதாது. உயரம், வீட்டில் வயதில் மூத்தவரின் கண் மட்டம். எட்டி நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில் மாட்டிவிட்டு, "என்ன திகதி?" என்று ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று சலிக்கக் கூடாது.

வாடகை வீட்டில் ஆணிக்கு அனுமதி இல்லையென்றால் ஜன்னல் கம்பி, இரும்பு அலுமாரி, பிரிட்ஜின் பக்கம் மூன்றும் இருக்கின்றன. கலண்டரின் தகரப் பட்டி பெரும்பாலும் காந்தம் பிடிக்கும் தகரம். பழுதான ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தம் ஒன்றை அலுமாரியில் ஒட்டிவிட்டால் பட்டி தானாகவே அதில் நிற்கும். இரட்டைப் பக்க டேப்பை நான் சொல்ல மாட்டேன். கழற்றும்போது பெயின்ற்றையும் உரித்துக்கொண்டு வரும், பிறகு வீட்டுக்காரரோடு மனஸ்தாபம்.

வருடம் முடிந்ததும் பழையதைக் கழற்றி எறிவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. புதுக் கலண்டரை மேசையில் விரித்து, பழையதைப் பக்கத்தில் வைத்து, குறிப்புகளை மாற்றி எழுத வேண்டும். பிறந்தநாளை அதே திகதியில் எழுதலாம். இறந்தவர்களின் ஆண்டுத் திதியை அப்படி எழுத முடியாது. மாதத்தையும் பிறையையும் திதியையும் பார்த்துப் புது வருடத்தில் அது எந்த நாளில் விழுகிறது என்று தேட வேண்டும். அம்மா திதியின் பெயரைச் சொல்லச் சொல்ல நான் தேடி எழுதுவேன். அவருக்கு எல்லாம் மனப்பாடம், எனக்கு இல்லை. அதனால் இப்போது கடைசித் தாளின் பின்பக்கத்தில் பெயர், மாதம், பிறை, திதி என்று எல்லாரையும் வரிசையாக எழுதி, அந்தத் தாளை மட்டும் வருடா வருடம் புதுக் கலண்டரின் பின்னால் கிளிப்பில் மாட்டிவிடுகிறோம். மற்றத் தாள்கள் பிள்ளைகளின் கொப்பிக்கு உறையாகிவிடும். தடித்த தாள் என்பதால் படம் உள்ளே போகும்படி மடித்தால் வெள்ளைப் பக்கத்தில் பெயரும் வகுப்பும் தெளிவாக எழுதலாம்.